ஒலிபெருக்கி அமைப்போர் தகைமை

தச்சன் செய்த நாற்காலி நன்றோ அன்றோ என்பதை அதில் அமர்ந்த மாத்திரத்தே அறியலாம். ஒலிபெருக்கி அமைப்பவன் திறனை அங்ஙனம் அறிதல் எளிதன்று. ஒலிபெருக்கி என்றவுடன் திருவிழாக் காலத்தில் தென்னையிற் கட்டப்படும் புனல்வடிவக் கருவியை நினைத்தல் வேண்டா. ஈண்டுக் கூறப்படுவது, வீட்டிலிருந்து இசையைச் செவ்வனே கேட்டற்பொருட்டு அமைக்கப்படும் உயர்தரக் கருவியாம். அவற்றுட் சில, சோடி ஒன்றுக்கு ஓர் இலட்சம் அமெரிக்க டொலரினும் மிக்க விலை பெறுவன. அத்துணைப் பொருளை ஈவோர் கருவிக்கு மட்டுமன்றி அதனை அமைத்தவர் பெயருக்கும் சேர்த்தே ஈகின்றனர். ஆதலின் அப்பெயர் எதனால் தகுதி பெற்றது என வினாவுதல் முறையேயாம்.

தருக்க நூலார் அளவைகளுட் காட்சியை முதற்கண் வைப்பர். அக்காட்சியும் ஐயத்தாலும் திரிபாலும் கெடும் என உடனே எச்சரிப்பர். கயிறு பாம்பாகத் தோன்றுதல் யாவரும் அறிந்த உதாரணம். செவிக்கும் இஃதொக்கும். நம் காதை அடைவது ஒலிபெருக்கியின் ஒலி மாத்திரமன்று. சுவரும் கூரையும் தெறித்து அனுப்பும் ஒலியும் அதனோடு கலக்கின்றது. தாழ்ந்த மீடிறன்களில் அறையின் ஆட்சியே மேலோங்கும். அன்றியும், இசையைப் பதிவு செய்தோர் தாமும் ஏதோ ஓர் ஒலிபெருக்கியிற் கேட்டே அதனைச் சீர்செய்தனர். அக்கருவி பிழையுடையதாயின் பதிவும் பிழையுடையதாகும். அப்பதிவைக்கொண்டு பிறிதோர் ஒலிபெருக்கியைச் சோதித்தல், கோணிய கோலால் நேர்மை பார்ப்பது போலாம். கனடா நாட்டு அறிஞர் புளோயிட் டூல் இதற்குக் குழப்ப வட்டம் எனப் பெயரிட்டார்.

இனி, பட்டத்தைக்கொண்டு துணியலாமோ எனின், எட்கார் வில்சர் என்பாரை நோக்குவாம். அவர் நியூயோர்க்கிலே கலை வரலாற்றில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது படையிலிருந்து இலத்திரனியல் கற்றவர். அக்காலத்து ஒலிபெருக்கியின் கூம்பு, விறைத்த தாங்கியொன்றினால் நிலைநிறுத்தப்பட்டது. ஆழ்ந்த சுரங்களை எழுப்பக் கூம்பு வெகுதூரம் அசைதல் வேண்டும், விறைத்த தாங்கியோ அவ்வசைவுக்கு நேர்விகிதமாக இடங்கொடாது, ஒலி திரிபடையும். வில்சர் அத்தாங்கியைத் தளர்த்தினார். பெட்டியை முற்றாக அடைத்து, உள்ளிருக்கும் காற்றையே கூம்பை மீட்டுத் தள்ளும் வில்லாகப் பயன்படுத்தினார். தாங்கியினும் காற்று ஒழுங்காக மீளுவது. முன்னர் அலுமாரியளவு பெட்டியை வேண்டிய ஆழ்ந்த ஒலி, புத்தகத்தட்டில் வைக்கத்தக்க பெட்டியிற் பிறந்தது. அன்றிருந்த உற்பத்தியாளர் இக்கருத்தை ஏற்றிலர். எனவே 1954ஆம் ஆண்டில் ஹென்றி குளொஸ் என்னும் இளைஞரோடு கூடித் தாமே ஒரு கம்பனி தொடங்கினார். குளொஸோ பல்கலைக்கழகப் படிப்பை முடியாது விட்டவர்.

வெளிவாரி மாணாக்கனாயிருந்து பட்டம் பெற்று, நேர்முகத் தேர்வுதோறும் எங்கிருந்து படித்தீர் என்னும் வினாவுக்கு விடையிறுத்துப் பழகிய எனக்கு வில்சர் வரலாறு இனிக்கின்றது. இனிக்கின்றது என்பதனாலேயே அதனைச் சற்று ஐயுற்றுப் பார்த்தல் வேண்டும். பட்டமில்லாதார் பலர் இன்று அவரைத் தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். பௌதிகவியற் பட்டம் இல்லாமையால் வில்சர் உயர்ந்தாரல்லர். தம் முறையைச் சஞ்சிகைகளில் எழுதி அறிந்தோர் ஆராய்ச்சிக்கு விட்டார்; 1956இல் ஆக்கவுரிமை பெற்றார்; மேடையில் நரம்பிசைக் குழுவினர் நால்வரை வாசிக்கச் செய்து, இடையிடையே அவர்தம் பதிவை ஒலிபெருக்கியில் ஒலிப்பித்து, எது மெய், எது பதிவு எனக் கண்டுபிடிக்குமாறு அவையோரை விட்டார். வேறுபாடு காணமாட்டாதார் பலர். தோற்றுப்போகக் கூடிய சோதனைக்குத் தம்மை உட்படுத்தினமையே அவரது தகைமைப் பத்திரம்.

மறுதலையாக, பட்டம் பயன்படும் இடமும் உண்டு. அது எப்பொருள் பற்றியது என நோக்குதல் வேண்டும். விண்கலம் அமைத்தவர், அணுவை ஆராய்ந்தவர் என விளம்பரத்தாள்கள் கூறுவன மெய்யாகவே இருக்கலாம். அவற்றால் செவியின் இயல்பு விளங்கிவிடாது. மேற்கூறிய டூல் 1965ஆம் ஆண்டில் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றது, ஒலி வருதிசையைச் செவி உணரும் ஆற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காம். பின்னர் ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், ஒலியை மறையாத திரைக்குப் பின்னே கருவிகளை வைத்துப் பலரைக் கேட்பித்தார். பெயரும் விலையும் அறியாதவிடத்து, கேட்டோர் தீர்ப்புகள் பெரிதும் ஒத்திருந்தன. எல்லா மீடிறன்களையும் மேடுபள்ளமின்றி ஒலிக்கும் கருவிகளையே அவர் விரும்பினர். 1994இல் அவரும் சோன் ஒலிவ் என்பாரும், தாம் பணிபுரிந்த கம்பனியின் ஊழியர் 40 பேரைக்கொண்டு நான்கு ஒலிபெருக்கிகளைத் திரையிட்டும் திரையின்றியும் சோதித்தனர். திரை நீங்கியதும் பெரியனவும் விலையுயர்ந்தனவும் ஏற்றம் பெற்றன. சிறிய மலிந்த கருவி தாழ்ந்தது. ஒலிபெருக்கி விற்கும் கம்பனியில் இருந்தவர் சொல்லை நம்பலாமோ எனின், சொல்லை நம்பவேண்டியதில்லை. முறை வெளியிடப்பட்டுள்ளது, ஐயுறுவோர் தாமே செய்து பார்க்கலாம்.

ஆழ்ந்த ஒலியின் இரகசியம் தம்மிடம் மாத்திரமே உண்டு என்பாரிடத்து விழிப்பாயிருத்தல் நன்று. அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இலும், றிச்சேட் சிமோல் 1970களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகளின்பின் பெட்டியின் கனவளவும் துளையின் அளவும் கணக்கிட்டு அறியத்தக்கனவாயின. முற்காலத்தில் கைப்பழக்கமாயிருந்தது இன்று மாணாக்கர் பயிற்சிக் கணக்கு. திறன் வெளிப்படுவது வேறிடத்திலே: உயர்சுர, தாழ்சுரக் கூம்புகள் ஒன்றற்கொன்று இடங்கொடுக்கும் சந்தியிலும், பக்கங்களிற் சிதறும் ஒலியிலுமாம். 2013இல் அமெரிக்காவில் வெளியான நியமம், ஒலிபெருக்கியைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் பத்துப் பத்துப் பாகையாகச் சுற்றி அளக்கும்படி கூறும். சுற்றுக்கு 36, பொதுவான இரண்டைக் கழிக்க 70 அளவீடுகள். அவற்றை வெளியிடத் தயங்கும் அமைப்பாளர், முன்புறத்து அளவீடு ஒன்றை மாத்திரம் அச்சிட்டு நம்மைத் திருப்திப்படுத்த முயல்வர்.

அளவுகருவி இல்லாதாரும் ஓரளவு சோதிக்கலாம். மெல்லிய துணித் திரையும், கருவிகளை மாற்றி இயக்க ஒரு நண்பரும் போதும். ஆயின் இரண்டையும் ஒரே உரப்பில் வைத்தல் வேண்டும். ஒரு டெசிபெல் அளவே உரத்தொலிக்கும் கருவியும், உரப்பென உணரப்படாது, தெளிவுடையதெனத் தோன்றி ஏமாற்றும்.