கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம்: ஒரு சிற்றூரின் பேரேடு

ஆண்டுக்கு 40 லட்சம் கிலோ தேயிலை, நாளுக்கு 55 லட்சம் கோப்பைத் தேநீர். மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலை பயிரிடும் போ நிறுவனத்தின் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோர் முதலில் எடுத்துச் சொல்லும் எண்கள் இவை. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. 40 லட்சம் கிலோவை 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 10,959 கிலோ வருகிறது. அதை 55 லட்சம் கோப்பைக்குப் பங்கிட்டால் கோப்பைக்கு 2 கிராம். தேயிலையின் கணக்கில் ஓட்டை இல்லை.

அந்தத் தேயிலைக்குக் கொழுந்தெடுத்த மக்களின் கணக்கை யார் எழுதினார்கள்? தேயிலைத் தோட்டம் வெறும் பயிர் நிலமாக இருந்ததில்லை. லயம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், மளிகைக்கடை எல்லாம் ஒரே எல்லைக்குள் அமைந்த முழு ஊர் அது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் எந்தச் சிற்றூர் தேவாலயத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. 1538-இல் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணைப்படி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஊர்வாரியாக எழுதத் தொடங்கினார்கள். நூறு குடும்பம்கூட இல்லாத ஊருக்கும் அதனால் நானூறு ஆண்டு வரலாறு கிடைத்தது. அந்த நாட்டுத் துரைமார் நடத்திய தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர் பெயர் அன்றாடம் ஏறிய புத்தகம் செக்ரோல்தான். வேலைக்கு வந்த நாளும் நிறுத்த எடையும் அதில் ஏறின. பிறந்த ஊரும் புதைத்த இடமும் அதில் ஏறவில்லை. ஆகவே கிடைக்கும் எண்களை வைத்து அந்த ஊரின் பேரேட்டை நாமே எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலக் கணக்கு

பகாங் மாநிலத்தின் மிகச் சிறிய மாவட்டம் கேமரன் மலை. பரப்பு 712 சதுர கிலோமீட்டர். அதில் மூன்று முக்கிம்கள், அதாவது உட்பிரிவுகள், இருக்கின்றன:

உலு தெலோம்: 63,981 ஹெக்டேர்
ரிங்லெட்: 5,165 ஹெக்டேர்
தானா ராத்தா: 2,081 ஹெக்டேர்
மொத்தம்: 71,227 ஹெக்டேர்

நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிலம் உலு தெலோம் ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது. சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தானா ராத்தா முக்கிம் நூற்றில் மூன்று பங்குதான். போ நிறுவனத்தின் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்தால் சுமார் 1,200 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 3,000 ஏக்கர். போ, சுங்கை பாலாஸ், ஃபேர்லி ஆகிய மலைத் தோட்டங்களோடு சிலாங்கூரின் புக்கிட் சீடிங் தோட்டத்தையும் சேர்த்த கணக்கு இது. முழுவதையும் கேமரன் மலையிலேயே வைத்துப் பார்த்தாலும் மாவட்ட நிலத்தில் 1.7 விழுக்காட்டைத் தாண்டாது. மலேசியத் தேயிலையில் பெரும் பங்கு இந்தச் சிறிய பரப்பிலிருந்தே வருகிறது.

காலவரிசையும் குறுகியதுதான். நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைக்கு வந்தது 1885-இல். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே இதை மலை வாசஸ்தலமாக்கும் முடிவு எடுக்கப்பட்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சுமார் 60 கிலோமீட்டர்ச் சாலை முழுமையானது 1931-இல்தான். 1933-இல் ஷுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தோட்டத்துக்கு அடிகோலினார். 'கேமரன் வேலி' என்ற பெயரில் கடைக்கு வருவது அந்தத் தேயிலைதான்.

1885-க்கும் 1929-க்கும் இடையில் 44 ஆண்டு. 1929-க்கும் சாலை முடிந்த ஆண்டுக்கும் இடையில் இரண்டே ஆண்டு. சாலை முடியும் முன்பே காடு வெட்டும் வேலை தொடங்கிவிட்டது என்பதை இந்த இரண்டாவது எண் காட்டுகிறது. மரத்தைச் சாய்த்தது, சரிவில் பாத்தி கட்டியது, கன்று நட்டது எல்லாம் மனிதக் கை. இந்தக் கணக்கு தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே செமாய் முதலான பூர்வகுடி மக்கள் இங்கே வாழ்ந்து வந்தார்கள் என்பதையும் முதல் வரியாக எழுதிவிட வேண்டும்.

கொழுந்துக் கணக்கு

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி முடிக்கும்போது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் தங்கும். ஆண்டுக்கு 40 லட்சம் கிலோ தேயிலை என்றால் 2 கோடி கிலோ கொழுந்து. நாளுக்குச் சுமார் 55,000 கிலோ. உங்கள் கையிலுள்ள ஒரு கோப்பைக்கு 10 கிராம் கொழுந்து.

உலகக் கணக்கில் இது சிறு துளி. இலங்கை அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 26 கோடி கிலோ தேயிலை தருகிறது. போ தோட்டங்களின் ஓராண்டு விளைச்சல் இலங்கைக்கு ஆறு நாளைக்கும் குறைந்த விளைச்சல். இந்தியாவின் 135 கோடி கிலோவோடு வைத்துப் பார்த்தால் ஒரு நாளைச் சற்றே தாண்டும். தோட்டங்கள் சிறியவை. ஆனாலும் மலேசியாவில் தேயிலை என்றதும் நினைவுக்கு வரும் பச்சைச் சரிவு இதுதான்.

கொழுந்தெடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. ஒரு மொட்டு, இரண்டு இலை என்று விரலால் கிள்ளியது பழைய முறை. கூடையை முதுகில் கட்டிச் சரிவில் நின்று அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிறகு கத்தரி வந்தது, அதன்பின் இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரம் வந்தது. இயந்திரம் ஏற முடியாத செங்குத்துச் சரிவில் இன்றும் கைதான் வேலை செய்கிறது. வேலைக்கு நிற்போரும் மாறிவிட்டார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களே இப்போது மிகுதி. 90 ஆண்டுக்கு முன் நம் பாட்டிமார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களையும் இந்தப் பேரேட்டில் எழுத வேண்டும்.

கூலிக் கணக்கு

மலாயாவில் தென்னிந்தியத் தொழிலாளருக்கு அளவுகோலாக இருந்த நாட்கூலி 1920-களின் முடிவில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உள்நாட்டு மாவட்டங்களில் விலைவாசி கருதிச் சிறிது கூடுதல் உண்டு. போ தோட்டம் தொடங்கிய மறுவருடமே, உலகப் பொருளாதார மந்தத்தில், அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. பின்னர் ஏறிய கூலி 1938 மே மாதம் மீண்டும் 45 காசு, 36 காசு என்று இறங்கியது. அடுத்த மாதமே இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது.

1938 கூலியை மாதத்துக்கு 26 நாள் என்று பெருக்கினால் ஆணுக்கு 11.70 வெள்ளி, பெண்ணுக்கு 9.36 வெள்ளி. அன்றைய நாணய மாற்றில் ஆணின் நாட்கூலி சுமார் 11 அணா, பெண்ணின் நாட்கூலி 9 அணா. பெண் என்பதற்காகவே ஆண்டுக்கு 28 வெள்ளி 8 காசு குறைவு. கொழுந்தெடுப்பதில் பெண்களின் கையே மேல் என்று எல்லாத் தோட்டத்திலும் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கைக்குத்தான் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தம்.

இன்றைய நிலை இது. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்ப மலேசியாவில் 2013-இல் 900 வெள்ளி, 2016-இல் 1,000, 2019-இல் 1,100, 2022-இல் 1,500, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. ஆறு நாள் வேலை வாரத்தில் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆண், பெண் என்ற வேறுபாடு சட்டத்தில் இல்லை. தொழிற்சங்கம் பல பத்தாண்டு போராடிய பாதையில் இது பெரிய வரவு, அதைப் பெருமையோடு எழுதலாம். கடையில் ஒரு தே தாரிக் 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி 32 கோப்பைக்குக் காணும்.

பள்ளிக் கணக்கு

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. மலாயாவில் தமிழ்ப்பள்ளிகள் ஊர்தோறும் முளைத்ததற்கு அந்தப் 'பத்து' என்ற எண்ணும் ஒரு காரணம். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் படித்தவர்கள் 50,766 மாணவர்கள். பள்ளிக்குச் சராசரி 57 பேர். இன்று 520-க்குச் சற்று மேற்பட்ட பள்ளிகளில் ஏறத்தாழ 80,000 பேர் படிக்கிறார்கள். பள்ளிக்குச் சராசரி 150-ஐ ஒட்டி வருகிறது. பள்ளிகளின் எண்ணிக்கை ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது.

கேமரன் மலையில் போ தோட்டத்தின் பெயரிலேயே இரண்டு தமிழ்ப்பள்ளிகள் உண்டு. சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயரிலும், தானா ராத்தா, ரிங்லெட் நகர்களிலும் பள்ளிகள் இருக்கின்றன. 150 மாணவருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்பது கல்வி அமைச்சின் வகைப்பாடு. தோட்டத்தை விட்டுக் குடும்பம் இறங்கும்போது பள்ளியின் எண்ணும் இறங்குகிறது. ஆனால் இந்தப் பள்ளிகளின் அலுவலக அலமாரியில் ஒரு செல்வம் இருக்கிறது: சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், தோட்டப் பிரிவு எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். தேவாலயப் பதிவேட்டுக்கு இணையாக நம் ஊரில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஓய்வுக் கணக்கு

லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 2013 ஜூலையிலிருந்து குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில் வீட்டைக் காலிசெய்து கீழே இறங்கும் ஒருவரிடம் என்ன இருக்கும்? 2013 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை 145 மாதம் குறைந்தபட்சச் சம்பளத்திலேயே வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

900 வெள்ளியில் 42 மாதம்: 37,800
1,000 வெள்ளியில் 30 மாதம்: 30,000
1,100 வெள்ளியில் 40 மாதம்: 44,000
1,500 வெள்ளியில் 33 மாதம்: 49,500
மொத்தச் சம்பளம்: 1,61,300 வெள்ளி

ஊழியர் சேம நிதிக்குத் தொழிலாளர் 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்தினால் சேர்ந்தது 38,712 வெள்ளி. லாப ஈவு தனி. சில ஆண்டுகளில் தொழிலாளர் பங்கு தற்காலிகமாகக் குறைக்கப்பட்டதையும் இதில் கழிக்கவில்லை.

குறைந்த விலை வீட்டுக்கு அரசு 1998-இல் வகுத்த உச்ச வரம்பு 42,000 வெள்ளி. பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் சேமிப்பு முழுவதையும் கொட்டினாலும், கால் நூற்றாண்டுக்கு முந்தைய வீட்டு விலைக்கே 3,288 வெள்ளி குறைகிறது. லாப ஈவு சேர்ந்தால் வீடு கைக்கு எட்டலாம். அதன்பின் மருந்துக்கும் சோற்றுக்கும் அந்த நிதியில் ஏதும் மிஞ்சாது.

இந்த இடைவெளியை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகத் திரட்டி நிலத்தையே வாங்கியது. சிறு தொகை சேர்ந்தால் சொத்தாகும் என்பதை அந்தச் சங்கம் செய்து காட்டியிருக்கிறது.

வாக்குக் கணக்கு

2004-இல் முதல் தேர்தலைக் கண்ட கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2018 வரை தேர்வானவர்கள் மூவர்: எஸ்.கே. தேவமணி, ஜி. பழனிவேல், சி. சிவராஜ். மூவரும் தமிழர். 2018 தேர்தல் முடிவு செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் 2019 ஜனவரி 26-இல் நடந்த இடைத்தேர்தலில் ராம்லி முகமது நோர் வென்றார். மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். மலையின் முதல் குடிகளுக்கு அந்த நாற்காலி கிடைத்தது நியாயமான வரவு. தோட்ட மக்கள் இனித் தங்கள் கோரிக்கையை எண்ணோடும் சான்றோடும் எடுத்துச் செல்லத்தான் வேண்டும்.

பாக்கி

போ நிறுவனத்தை இன்று நடத்துவது ரஸ்ஸல் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அந்தக் குடும்பத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டியதும்தான். 1929-இல் அந்தச் சரிவில் கோடாரி பிடித்தவர்களின் மூன்றாம் தலைமுறையும் நான்காம் தலைமுறையும் ஈப்போவிலும் தாப்பாவிலும் கிள்ளானிலும் சிதறியிருக்கின்றன. அவர்களுடைய வரலாற்றுக்கு மூன்று வேலை பாக்கி.

முதலாவது, தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருவிழா வரவு செலவுப் புத்தகம், பழைய செக்ரோல், சங்க அட்டை ஆகிய நான்கையும் பள்ளி வாரியங்களும் கோயில் நிர்வாகங்களும் படமெடுத்து ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். பள்ளி மூடினால் பதிவேடு முதலில் தொலையும்.

இரண்டாவது, ஒவ்வொரு தோட்டத்தின் இடுகாட்டையும் அளந்து, கல்லில் இருக்கும் பெயர்களைப் பட்டியலிட்டு, நில அலுவலகத்தில் பதிய வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுதோறும் தோட்டவாரியாக ஓர் எண் வெளியிடப்பட வேண்டும்: 60 வயதில் ஓய்வு பெற்றவர் இத்தனை பேர், சொந்த வீட்டுக்குப் போனவர் இத்தனை பேர். உற்பத்தி எண்ணை வெளியிடும் தொழில், இந்த எண்ணையும் வெளியிட முடியும். முதல் ஆண்டில் அது சிறிய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதப்பட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அதைக் கூட்டச் சொல்லி நாம் கேட்கலாம்.