பை வாங்கும் முன் தோளைக் கேளுங்கள்

திருப்பதிக்குப் போகிறவர்கள் அலிபிரி அடிவாரத்தில் ஓர் அரைமணி நேரம் நின்று, மலை ஏறுகிறவர்களின் தோள்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து மேலே 3550 படிகள். பெரிய மூட்டை முடிச்சுகளைக் கீழேயே ஒப்படைத்து விட்டால் தேவஸ்தானம் இலவசமாக மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து விடுகிறது. எனினும் தண்ணீர், துண்டு, பிள்ளைக்குப் பால், பெரியவருக்கு மருந்து என்று கைச்சாமான் ஒன்று எல்லோரிடமும் இருக்கத்தான் செய்கிறது.

அதை ஒற்றை வாரில் மாட்டிக்கொண்டு ஏறுகிறவர் ஐம்பது படிக்கு ஒரு முறை தோளை மாற்றுகிறார். நூறு படிக்கு ஒரு முறை நின்று வாரை இழுத்து விடுகிறார். முதுகில் இரண்டு வாராக மாட்டியவரோ ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்து நிதானமாக ஏறிப் போகிறார். இருவர் சுமையும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் பையில் இருக்கிறது.

இந்தச் சின்ன விஷயத்தை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக் கொடுத்தது மலையல்ல, என் மகனின் கிரிக்கெட் பை.

பேருந்து நிலையத்தில் அறுந்த வார்

சித்தூர் மெசானிகல் மைதானத்திலும் திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழக மைதானத்திலும் விடிந்தும் விடியாத நேரத்தில் விளையாட்டுப் பையோடு வரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள், தொழிலாளர்கள் வீட்டுப் பிள்ளைகள். மட்டை வாங்க ஒரு மாதம், கால்காப்பு வாங்க இன்னொரு மாதம் என்று சேர்த்துச் சேர்த்து வாங்கியிருப்போம். கடைசியில் பை வாங்கும்போது கையில் காசு இருக்காது. 'ஏதோ ஒரு பை' என்று வாங்கி விடுவோம். நானும் அப்படித்தான் பண்டிகைத் தள்ளுபடியில் ஒன்று வாங்கினேன். பார்க்க அழகாக, பளபளப்பாக, நீளமாக இருந்தது. ஒற்றை வார்.

மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. திருப்பதியில் ஓர் ஆட்டக்காரர் தேர்வு. சித்தூரிலிருந்து எழுபது கிலோமீட்டர். விடிகாலைப் பேருந்தில் உட்கார இடமில்லை. பையைத் தோளை விட்டு இறக்காமலே பாதி தூரம் நின்று வந்தான். திருப்பதியில் இறங்கும்போது வார் தைத்திருந்த இடத்தில் துணியோடு பிய்ந்து, பை படியில் விழுந்தது. என் தோள் துண்டை எடுத்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம்.

மைதானத்தில் சட்டை மாற்றும்போது பார்த்தேன். வலது தோளில் விரல் அகலத்துக்குச் சிவந்த தழும்பு. "வலிக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றான். ஆனால் மட்டையைத் தூக்கும்போது முகம் சுளித்ததை நான் கவனிக்காமல் இல்லை. அன்று அவன் தேர்வாகவில்லை. அதற்காகப் பையின் மேல் பழி போட மாட்டேன். அவனை விட நன்றாக ஆடியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆறு மாதம் உழைத்த பிள்ளையை அன்று முழுத் தோளோடு நான் அனுப்பவில்லை. அந்தக் குறை என்னுடையது.

தட்டு வீசுகிறவரின் பை

சில மாதங்கள் கழித்து, அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தான். அவன் கொண்டு வந்த பை ஒன்று விசித்திரமாக இருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் தட்டுகள், சமையலறைத் தட்டு அலமாரியில் அடுக்கினாற்போல் நெட்டுக்குத்தாக நின்றன. "இது 'டிஸ்க் கோல்ஃப்' மாமா" என்றான்.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழியில் தள்ளுவார்கள். இதில் தட்டைக் கையால் வீசி, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடையில் விழச் செய்ய வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தவர். கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1975ஆம் ஆண்டு இதற்கென்று ஒரு நிரந்தர மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே சங்கமும் ஏற்படுத்தினார். தூரம் போக ஒரு தட்டு, நடுத்தூரத்துக்கு ஒன்று, கூடைக்கு அருகே வந்ததும் வேறொன்று என்று ஆட்டக்காரர் பல தட்டுகள் வைத்துக்கொள்கிறார். ஒரு தட்டு 150 முதல் 180 கிராம் வரை இருக்கும். இருபது தட்டும் தண்ணீரும் சேர்ந்தால் நான்கு கிலோவைத் தாண்டி விடும். பணக்கார கோல்ஃப் ஆட்டத்தில் பை தூக்க ஓர் ஆள் உண்டு. இந்த ஆட்டத்தில் பெரும்பாலோர் தம் பையைத் தாமே சுமக்கிறார்கள்.

"பதினெட்டுக் கூடை, கூடைக்கு மூன்று வீச்சு என்று வைத்தாலும் ஐம்பத்து நான்கு தடவை பையை இறக்கி ஏற்ற வேண்டும் மாமா. அதற்காகத்தான் இப்படித் தைத்திருக்கிறார்கள்" என்று காட்டினான். தட்டுகள் நிமிர்ந்து நிற்பதால் வேண்டியது ஒரே பார்வையில் தெரியும். மற்றதைக் கலைக்காமல் எடுக்கலாம். அடிப்பாகம் கெட்டியாக இருப்பதால் கீழே வைத்தால் சாயாமல் நிற்கும். முதுகுக்கு இரண்டு அகல வார்கள். தண்ணீர்ப் புட்டிக்கு வெளியே தனி இடம், துண்டு மாட்ட ஒரு வளையம். ஆறேழு தட்டோடு ஆடப் போகிறவர்களுக்கு ஒற்றை வார்ச் சின்னப் பையே போதும் என்பதையும் சொன்னான். சுமை கூடினால்தான் இரண்டு வார்.

பை தைத்தவர் முதலில் நிறத்தைப் பற்றி யோசிக்கவில்லை. எத்தனை தடவை இறக்குவார், எவ்வளவு தூரம் நடப்பார், எதை முதலில் எடுப்பார் என்று யோசித்திருக்கிறார். பை வாங்குகிற நாமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.

கடைக்குப் போகும் முன்

முதலில் சாமான்களை வீட்டுத் தரையில் பரப்புங்கள். எது நீளமோ அதை அளந்து கொள்ளுங்கள். கிரிக்கெட் மட்டை விதிப்படி 38 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஹாக்கி மட்டை 105 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. முழு அளவு மட்டைக்குப் பையின் உட்புறம் அதை விட இரண்டு விரல் கூடுதலாக வேண்டும். பூப்பந்து மட்டைக்கு இவ்வளவு பெரிய பை வீண். 'பெரிதாக இருக்கட்டுமே' என்று வாங்கினால், காலி இடத்தை நிரப்பத் தேவையில்லாத சாமான் தானே வந்து சேரும்.

அடுத்து, நிறுத்துப் பாருங்கள். என் மகனின் சாமான்களை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது ஏழரைக் கிலோ இருந்தது. பையனின் எடை 42 கிலோ. மத்திய கல்வி அமைச்சகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கை, பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் புத்தகப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. அது விளையாட்டுப் பையைப் பற்றிய கணக்கல்ல. ஆனால் சுமக்கிற தோள் ஒன்றுதானே! அந்தக் கணக்கில் பார்த்தால் என் மகனுக்கு நாலேகால் கிலோவே அதிகம்.

சக்கரம் வைத்த பை வாங்கலாமா என்று கேட்பீர்கள். ரயில் மேடைக்குச் சௌகரியம். ஆனால் சக்கரமும் இரும்புப் பிடியும் சேர்ந்து பையின் எடையையே கூட்டி விடும். பேருந்துப் படியிலும் மேடு பள்ளமான மைதானத்திலும் அதைத் தூக்கத்தான் வேண்டும். உங்கள் பிள்ளை அதிகம் போவது எந்த வழி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாய் சொன்ன பாடம்

பிய்ந்த பையைத் தூக்கி எறிய மனமில்லாமல் சித்தூரில் பை தைக்கும் ஒரு பாயிடம் கொண்டு போனேன். நமக்குப் பை, தெலுங்கில் சஞ்சி. அவர் இரண்டு பாஷையிலும் வாடிக்கையாளரிடம் பேசுவார். பையைப் புரட்டிப் பார்த்து விட்டுச் சிரித்தார்.

"துணி கெட்டித் துணிதான் சார். வாரைத் துணி மேலே ஒரு தையல் போட்டு ஒட்ட வெச்சிருக்கான். பாரம் முழுக்க அந்த ஒரு தையல்ல நிக்குது. வார் பையோட அடியைச் சுத்தி வரணும் சார். அப்பதான் பாரத்தை வார் தாங்கும், துணி தாங்காது" என்றார்.

எந்தப் பையையும் வாங்கும் முன் தலைகீழாகத் திருப்பி, வார் அடிப்புறம் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். வார் சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போட்டிருந்தால் நல்லது. தோளில் படும் பாகம் மூன்று விரல் அகலமாவது இருக்க வேண்டும். மெல்லிய வார் கயிறு போல அறுக்கும். ஜிப்பைக் கடையிலேயே பத்துத் தடவை திறந்து மூடுங்கள். பல் பெரிதாக உள்ள ஜிப் சீக்கிரம் கெடாது. மூலை திரும்பும் இடத்தில் சிக்கினால் வாங்க வேண்டாம். வீட்டில் ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்து விட்டால் போதும்.

காலணிக்குத் தனி அறை அவசியம். வியர்வை ஈரத்தோடு எல்லாவற்றையும் சேர்த்து மூடினால் கையுறையில் பூஞ்சை பிடிக்கும், தோல் வெடிக்கும். வீடு வந்ததும் பையைத் திறந்து காற்றாட வையுங்கள். காலணிக்குள் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுத்து விடும். படித்து முடித்த பிறகு இந்த இதழையே உபயோகிக்கலாம், எங்களுக்கு வருத்தமில்லை!

கடைசியாக ஒரு சோதனை. சாமான்களைக் கடைக்கே எடுத்துப் போய், பையில் அடுக்கி, பிள்ளையின் தோளில் மாட்டி, கடைப் படியில் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை. தோள் சுளிக்கக் கூடாது.

பாய் அதே பைக்கு அகல வார் இரண்டு போட்டு, அடியைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். புதுப் பை வாங்குவதை விடச் செலவு குறைவு. தலைக்கவசத்தையும் கால்காப்பையும் எடுத்து ஒரு தனிப் பையில் போட்டுக்கொண்டேன். அதை இப்போது நான் தூக்கிப் போகிறேன். அவன் தோளில் நாலு கிலோவுக்கு உள்ளேதான்.

அடுத்த தேர்வுக்குப் போனபோது பேருந்தில் அன்றும் இடமில்லை. பையன் இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்று வந்தான். இறங்கியதும் பழக்க தோஷத்தில் அவன் பையை வாங்கக் கை நீட்டினேன். "வேண்டாம்ப்பா, கனக்கல" என்று சொல்லி விட்டு முன்னால் நடந்தான்.