சொறி மீனுக்கு மனைவியின் பெயர்!

பழைய பிராணி நூல்களில் வந்த கடல் ஜந்துக்களின் படங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது, இப்போது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தப் படங்களில் மிகவும் பேர் பெற்றது ஒரு சொறி மீன் படம். ஜெல்லி மீன் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறதே, அதுதான். மேலே பட்டால் அரிக்கும் ஜந்து. ஆனால் படத்தில் பாருங்கள், கண் கொள்ளாத அழகு! குடை போன்ற உடல். அதிலிருந்து மெல்லிய இழைகள் கூந்தல் போலச் சுருண்டு இறங்குகின்றன.

கூந்தல் போல என்றோம். வரைந்தவருக்கும் அந்த நினைப்புதான்.

மாமன் மகள்

அவர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். ஜெர்மனியில் யேனா நகரத்தில் பேராசிரியர். தாய்மாமன் மகள் அன்னா சேதேயைக் காதலித்து, 1862-ல் மணந்தார். இல்வாழ்க்கை ஒன்றரை ஆண்டுதான் நீடித்தது. 1864 பிப்ரவரி 16-ந் தேதி அன்னா இறந்து போனாள். அன்றுதான் ஹெக்கலுக்கு 30 வயது நிறைந்த நாள்! அதன் பிறகு எந்தப் பிறந்த நாளை அவர் மகிழ்ச்சியோடு கொண்டாடியிருப்பார்?

மனம் தேறுவதற்காகப் பிரான்சின் தென்கடற்கரைக்குப் போனார். அங்கே தண்ணீரில் ஒரு சிறு சொறி மீன் மிதந்தது. அதன் இழைகள் மனைவியின் பொன்னிறக் கூந்தலை நினைவூட்டின. அதற்கு அவள் பெயரையே வைத்தார். சுமார் 15 ஆண்டுகள் கழித்து, அதைவிடப் பெரிய, அழகிய இன்னொரு சொறி மீனுக்கும் அவள் பெயர்தான்: தெஸ்மோனேமா அன்னாசேதே.

சுவரில் தொங்குவது இந்த இரண்டாவது மீன்.

கல்லில் அச்சிட்ட படம்

1899 முதல் 1904 வரை, 'இயற்கையின் கலை வடிவங்கள்' என்ற பெயரில் 100 படங்களை ஹெக்கல் பகுதி பகுதியாக வெளியிட்டார். அவர் வரைந்து கொடுத்ததை அடால்ஃப் கில்ட்ஷ் என்ற தொழிலாளர் கல்லில் தீட்டி அச்சுக்குத் தயார் செய்தார். இவருடைய கைவண்ணம் இல்லாவிட்டால் ஹெக்கலின் படங்கள் இவ்வளவு புகழ் பெற்றிருக்குமா என்பது சந்தேகமே. கடலில் உள்ளதைவிட ஒழுங்காக, கோலம் போட்டது போல ஹெக்கல் வரைந்துவிட்டார் என்று குறை சொன்ன விஞ்ஞானிகளும் உண்டு. சுவரில் மாட்டுகிறவர்களுக்கு அந்த ஒழுங்குதான் பிடித்திருக்கிறது!

சொறி மீன், 8-வது படம். அதன் விளக்கத்தில், தம் வாழ்வின் மிக இனிய ஆண்டுகள் அன்னா தந்தவை என்று ஹெக்கல் எழுதினார். அப்போது வீட்டில் இரண்டாவது மனைவி ஆக்னஸ் இருந்தார். மணமாகி 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று பிள்ளைகளைப் பெற்ற அந்த அம்மாள் இதைப் படித்து என்ன நினைத்தாரோ! வீட்டுக்கே சொறி மீனின் பெயர்தான்: 'மெடூசா' மாளிகை. அதன் கூரையிலும் சொறி மீன் சித்திரங்கள். இன்று அது காட்சி சாலை.

கடைகளில் இப்போது படத்தை மட்டும் அச்சிட்டு விற்கிறார்கள். அன்னாவைப் பற்றிய விளக்கம் நூலோடு நின்றுவிட்டது.