மாற்றிய கிட்னி பழுதானால் என்ன செய்வது?



மலேசியாவில் முதல் கிட்னி மாற்று அறுவை 1975இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. அன்று முதல் எத்தனையோ குடும்பங்களில் தாயும் தமையனும் கிட்னி கொடுத்து உயிர் காத்திருக்கிறார்கள். ஆனால் மாற்றிய கிட்னி ஆயுள் முழுதும் உழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கலாம். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் அதைக் கெடுக்கலாம். "கொடுத்ததும் போச்சு, இனி என்ன இருக்கு?" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வழி இருக்கிறது.

முதலில் ஒன்று: "கிட்னியே போச்சு, மாத்திரை எதுக்கு?" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் பழுதான கிட்னி வீங்கி, காய்ச்சலும் வலியும், சிறுநீரில் இரத்தமும் வரலாம். எதிர்ப்புச் சக்தி பெருகி, அடுத்த கிட்னி பொருந்துவதே கடினமாகிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. எதை, எப்போது குறைப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உள்ள வழிகள்:

1. இரத்த டயாலிசிஸ். வாரம் 3 முறை, முறைக்குச் சுமார் 4 மணி நேரம். இதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைப்பார்கள். அது பக்குவமாக வாரக்கணக்கில் ஆகும். ஆகவே முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். அந்தக் கையில் ஊசி போடவோ, பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள்.

2. வயிற்று டயாலிசிஸ். வீட்டிலேயே, பெரும்பாலும் நாளைக்கு 4 தடவை, சுமார் 2 லிட்டர் மருந்து நீரை வயிற்றில் விட்டு மாற்றுவது. பட்டணத்துக்குத் தூரமான தோட்டத்தாருக்கு இது வசதி. கைச்சுத்தம் மிக முக்கியம். வெளிவரும் நீர் கலங்கியிருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. மறுபடியும் கிட்னி மாற்று. உடல்நிலை இடம் கொடுத்தால் இதுவே நல்லது. பழைய கிட்னியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. தொல்லை கொடுத்தால்தான் எடுப்பார்கள்.

4. வயதாகித் தளர்ந்தவர்கள் டயாலிசிஸ் வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். அப்போதும் மூச்சுத் திணறல், அரிப்பு, வலிக்கு மருந்து உண்டு. அது கைவிடுவது ஆகாது.

எந்த வழியானாலும் நாட்டு மருந்து, கண்ட வலி மாத்திரை வேண்டாம். பெலிம்பிங் பழத்தைத் தொடவே தொடாதீர்கள். கிட்னி கெட்டவர்களுக்கு அது விஷம்.

செலவை நினைத்து மலைக்காதீர்கள். தகுதியுள்ள சொக்சோ சந்தாதாரர்களுக்கு டயாலிசிஸ் உதவி கிடைக்கும். சந்தாப் பதிவு, டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, உங்கள் கிளைச் செயலாளரைப் பாருங்கள். கால் வீங்கும்வரை காத்திராமல், டாக்டர் "குறையுது" என்று சொன்ன அன்றே கேளுங்கள்: "அடுத்து எனக்கு எந்த வழி, ஐயா?"