லைனர் போடும் முன் ஒரு கணக்கு

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. மறைந்த என் நண்பரின் மகன் நின்றிருந்தான். புணேயில் நல்ல வேலையில் இருக்கும் பையன்.

"மாமா, நீங்க ரயில் என்ஜினுக்கே லைனர் மாத்தினவர். என் கார் எம்மாத்திரம்? எந்த லைனர் போடலாம்னு சொல்லுங்க."

அந்தக் காரை எனக்கு நன்றாகத் தெரியும். 2002-ல் அவன் அப்பா ஆசையாக வாங்கிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரைத்திறன் கொண்ட, அந்த நாளில் இளைஞர்கள் ஏங்கிப் பார்த்த வண்டி. அப்பா போன பிறகு அதை விற்க மனமில்லாமல், டர்போ பொருத்தி டிராக்கில் ஓட்டும் வண்டியாக மாற்றியிருந்தான். இருநூறு குதிரைத்திறன் வேண்டும் என்பது அவன் கனவு. அது நிறைவேறிய சில மாதங்களில் மூன்றாவது சிலிண்டரின் லைனர் மேற்பக்கத்தில் விரிந்துவிட்டது. தண்ணீர் சிலிண்டருக்குள் வந்து, வெள்ளைப் புகையோடு வண்டி நின்றது.

அன்று மாலை அவன் அம்மா போன் செய்தார். "அண்ணா, அவர் ஞாபகமா இருக்கறது அந்த வண்டி ஒண்ணுதான். இன்னொரு தடவை உடையாம பாத்துக்கோங்க."

இதற்குமேல் எப்படிச் சும்மா இருப்பது? பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

பெரியண்ணனும் சின்னத் தம்பியும்

லைனர் என்பது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளைச் சட்டை. அதன் வெளிப்புறத்தில் தண்ணீர் நேரடியாகப் பட்டால் ஈர லைனர். பிளாக்கின் உலோகத்துக்குள் இறுக்கமாக அமர்ந்து, தண்ணீரைத் தொடாமல் இருந்தால் உலர் லைனர்.

நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழகியது ஆல்கோ 251 என்ஜினுடன். 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாராணசியிலேயே தயாரான டபிள்யூ.டி.எம்.2 லோகோவின் இதயம் அது. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், டர்போ. சிலிண்டரின் உள்விட்டம் 9 அங்குலம், அதாவது 228.6 மி.மீ. அதில் இருப்பது ஈர லைனர். தேய்ந்தால் பழையதை உருவிவிட்டுப் புதியதை இறக்கலாம். மாற்றுவதற்கென்றே வடிவமைத்த பொருள். அந்த லோகோக்களும் என்னைப் போலவே பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டன.

பையனின் கார் என்ஜின் வேறு ஜாதி. பிளாக் அலுமினியம். அதற்குள் 75 மி.மீ. உள்விட்டமுள்ள மெல்லிய வார்ப்பிரும்பு லைனர்களை வைத்து, சுற்றிலும் அலுமினியத்தை ஊற்றி வார்த்திருக்கிறார்கள். மாற்றுவதற்காகச் செய்ததல்ல. மேலும், சிலிண்டர்களின் மேல் முனை சுற்றியுள்ள சுவரோடு சேராமல், தண்ணீருக்கு நடுவே தனியாக நிற்கிறது. இதைத் திறந்த டெக் என்பார்கள். 106 குதிரைத்திறனுக்கு இது தாராளம். இருநூறுக்கு?

வெடிப்பு எவ்வளவு தள்ளுகிறது?

டர்போ போட்ட பெட்ரோல் என்ஜினில் வெடிப்பின் உச்ச அழுத்தம் 100 பார் என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. விட்டத்தில், ஒவ்வொரு 1 மி.மீ. உயரத்துக்கும் சுமார் 76 கிலோ விசை அந்த உருளையை இரண்டாகப் பிளக்கப் பார்க்கிறது. இருபுறச் சுவரும் ஆளுக்கு 38 கிலோவாகப் பகிர்ந்துகொள்கின்றன. சுவரின் கனம் 2.5 மி.மீ. என்றால், ஒரு சதுர மி.மீ.க்கு 15 கிலோ. அலுமினிய உறை இதில் ஒரு பங்கைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு 20 முதல் 25 கிலோ இழுவையிலேயே அறுந்துவிடும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 50 வெடிப்பு. உலோகமும் களைத்துப் போகும் அல்லவா?

இந்தக் கணக்கைப் போட்டதும் முதல் வழி அடிபட்டுப் போனது. பழைய லைனரையே 0.50 மி.மீ. போர் செய்து பெரிய பிஸ்டன் போடுவது என்பது தேய்ந்த என்ஜினுக்கு நல்ல வைத்தியம். அழுத்தத்தைக் கூட்டிய என்ஜினில் அது இருக்கிற மெல்லிய சுவரை இன்னும் மெலிதாக்கும் வேலை. விரிசல் விட்ட சிலிண்டருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

இரண்டாவது, உலோகத்தை மாற்றுவது. சாம்பல் இரும்பில் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும். எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ள அது நல்லது, ஆனால் ஒவ்வொரு செதிலும் விரிசலுக்கு ஒரு வாசல். டக்டைல் இரும்பில் கிராஃபைட் உருண்டையாக இருப்பதால் விரிசல் எளிதில் ஓடாது. அதன் இழுவைத் தாங்கும் சக்தி 50 கிலோவுக்கு மேல். எனவே சுழல் வார்ப்பு முறையில் செய்த டக்டைல் இரும்பு லைனர் என்று முடிவு செய்தோம்.

மெஷின் ஷாப்பில் ஒரு வாக்குவாதம்

பையன் பேசி வைத்திருந்த மெஷின் ஷாப்புக்குப் போனோம். அந்த மிஸ்திரி லாரி என்ஜின்களில் கைதேர்ந்தவர். "சாப், நூற்றுக்கணக்கில் லைனர் இறக்கியிருக்கிறேன். 0.05 மி.மீ. இறுக்கம் போதும். இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன்" என்றார்.

லாரி பிளாக் இரும்பு, லைனரும் இரும்பு. சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரியும். இங்கே பிளாக் அலுமினியம். அது இரும்பைப் போல இருமடங்கு விரியும். லைனரின் வெளிவிட்டம் 80 மி.மீ., வெப்பம் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அலுமினியத் துளை 0.147 மி.மீ. பெரிதாகிறது. இரும்பு லைனர் 0.070 மி.மீ. மட்டுமே. வித்தியாசம் 0.077 மி.மீ. உள்ளே இருக்கும் லைனர் சற்று அதிகச் சூடாக இருப்பதால் இது கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 0.05 மி.மீ. இறுக்கம் என்ஜின் சூடானதும் தளர்ந்துவிடும். லைனர் மெல்லக் கீழே இறங்கும், ஹெட் கேஸ்கட் பிடி இழக்கும், மறுபடி வெள்ளைப் புகை.

மிஸ்திரி காகிதத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "பாத் சஹி ஹை" என்றார். நல்ல தொழிலாளி கணக்கை மதிப்பவர் என்பதை ஷெட்டிலும் கண்டிருக்கிறேன், இங்கும் கண்டேன்.

முடிவில் 0.09 மி.மீ. இறுக்கம் வைத்தோம். லைனர் கீழே இறங்காதபடி மேலே விளிம்பு உள்ள வகை. நான்கு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், திறந்த டெக்கின் ஆட்டமும் குறைகிறது. ஒரு சிலிண்டருக்கு மட்டும் போட்டால் பக்கத்துச் சிலிண்டர் கோணிக்கொள்ளும் என்பதால் நான்கையும் மாற்றினோம். பிளாக்கை அடுப்பில் 150 டிகிரிக்குச் சூடாக்கி, லைனரைக் குளிர வைத்து இறக்கினார்கள். சுத்தியல் தேவைப்படவில்லை. பிறகு டெக் முகத்தைச் சமமாக்கி, கிராங்க் பேரிங் வரிசை நேராக இருக்கிறதா என்று சோதித்து, ஹெட்டுக்குப் பதிலாகக் கனத் தகட்டை முடுக்கி வைத்து ஹோனிங் செய்தோம். போல்ட்டை முடுக்கும்போது சிலிண்டர் எப்படிக் கோணுமோ, அந்த நிலையிலேயே வட்டமாக்குவதற்காக இது.

செலவு முதலில் சொன்னதைப்போல இரண்டரை மடங்கு ஆயிற்று.

நான் செய்த ஒரு தவறு

ரிங் வாங்கும்போது பையனிடம் என் இளமைக்காலக் கதை ஒன்றைச் சொன்னேன். எங்களிடம் உட்புறம் குரோமியம் பூசிய லைனர்களும் இருந்தன, பூசாதவையும் இருந்தன. குரோமியம் பூசிய லைனருக்குச் சாதாரண இரும்பு ரிங்தான் போட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் பெட்டியைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். குரோமியம் மேல் குரோமியம் உரசி, சில வாரங்களில் அந்த லோகோ புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தது. லைனர் முழுவதும் கீறல். மேலதிகாரி என்னைத் திட்டவில்லை. கீறிய லைனரை என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். அதற்குத் திட்டே பரவாயில்லை.

லைனரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ரிங், பிஸ்டன், பிளாக் எல்லாவற்றோடும் பொருத்தம் பார்க்க வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். அதற்கு லைனரில் விட வேண்டிய இடைவெளியைப் பிஸ்டன் செய்தவர் தரும் அளவுப்படிதான் விட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். அவன் லைனரை உடைத்தது பெரும்பாலும் நாக்கிங்தான் என்பது என் எண்ணம். பழைய பிஸ்டனின் விளிம்பில் அரிப்புத் தெரிந்தது. பெட்ரோல் தரமும் இக்னிஷன் டைமிங்கும் சரியாக இல்லாவிட்டால், தங்கத்தில் லைனர் போட்டாலும் நிற்காது. அவன் யோசித்துவிட்டு, "நூற்றைம்பது போதும் மாமா" என்றான். இந்தச் செலவில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த வார்த்தைதான்.

இப்படி என்ஜினை மாற்றிய வண்டியை அனுமதியில்லாமல் ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கைவிரித்துவிடும். ஆகவே அது இன்னொரு வண்டியில் ஏறித்தான் டிராக்குக்குப் போகிறது.

புதிய என்ஜின் ஓடத் தொடங்கிய அன்று அவன் அம்மாவும் வந்திருந்தார். புகை இல்லை, தண்ணீர் அளவும் குறையவில்லை. "இனிமே உடையாதே அண்ணா?" என்று கேட்டார்.

"கணக்குப்படி உடையக் கூடாதும்மா. உங்க பையன் காலை எவ்வளவு அழுத்தறான்கறது மட்டும் என் கணக்குல வராது" என்றேன்.

பையன் சிரித்தான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை லைனரைவிட அதிகம் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது.