மெய்யும் போலியும்

துப்பறியும் நவீனங்களைப் படிப்போர், குற்றவாளி யார் என்று தெரிந்ததும் நூலை மூடிவிடுவர். கலைப்பொருளொன்று போலியோ என்ற ஐயத்தில் எழும் கதையோ அவ்வாறு முடிவதில்லை. ‘மெய்யானது எது?’ என்ற தத்துவ வினா அங்கே எஞ்சி நிற்கும். கற்பனையினும் வியப்பான உண்மை வரலாறொன்றைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில், 1951ஆம் ஆண்டு சோழர்காலச் செப்புத் திருமேனிகள் சில நிலத்தினின்றும் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று நடராஜர். கோயிலுக்குரியதான அத்திருமேனி, பழுதுபார்க்கவென ஒரு சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. திரும்பி வந்ததோ அதன் பிரதி! மூலமூர்த்தி பலரிடம் கைமாறிக் கடல் கடந்தது. கோயிலில் இருப்பது மூலமன்று என்பதை, பிரித்தானிய நூதனசாலை அறிஞர் டக்ளஸ் பரெட் 1965இல் தமது நூலில் வெளிப்படுத்தினார். 1973இல் அமெரிக்காவின் நோர்ட்டன் சைமன் அறக்கட்டளை மூலத்தை 9 இலட்சம் டொலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. பின்னர் இணக்கம் ஏற்பட்டு, 1986இல் அது தாயகம் மீண்டது.

பிரதியை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? மெழுகில் உருவமைத்து, அதன்மேல் மண் பூசிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணச்சை உடைத்தே திருமேனியை எடுத்தல் வேண்டும். எனவே ஓரச்சில் இரண்டு பிறப்பதில்லை. எத்துணைக் கைதேர்ந்த பிரதியும் விரலின் நெளிவிலோ சடையின் விரிவிலோ தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடும்.

இனி, அப்பிரதியின் முன் கைகூப்பிய அடியாரின் வழிபாடும் போலியோ? பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த நடராஜ வடிவங்களைக் கொழும்பு நூதனசாலையிலே காணும்போது, ‘எந்த நூற்றாண்டு?’ என்று வினவுகிறோம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் சந்நிதியிலே நிற்கும்போது அவ்வினா நம் நாவில் எழுவதில்லை. அங்கே நாடுவது பழமையையன்று, அருளை. ஆதலின் அடியாரின் அன்பு மெய்யே.

பிரதி செய்தலும் குற்றமன்று. முன்னோர் வகுத்த அளவுகளைப் பின்பற்றியே ஒவ்வொரு சிற்பியும் திருமேனி சமைக்கிறான். ‘இது பிரதி’ என்று சொல்லித் தந்திருப்பின் அது கலை. மூலமென்று சொல்லித் தந்ததாலேயே வஞ்சனையாயிற்று. பொய் செம்பில் இல்லை, நேயர்களே. செம்பைப் பற்றிச் சொன்ன சொல்லிலே இருந்தது.