டேட்டாபேஸின் உள்ளே – 11: குவெரி கூப்பிடும் பைதான்

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். நாம் த, மி, ழ் என்று மூன்றாக எண்ணுகிறோம். அதன் கணக்கில் த ஒன்று, ம ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. யூனிகோட் அப்படித்தான் எழுத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. டேட்டாபேஸ் அந்தத் துண்டுகளை எண்ணிவிடுகிறது. சொற்பட்டியல் ஒன்றிலிருந்து மூன்றெழுத்துச் சொற்களை மட்டும் எடுக்க நினைப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

எல்லா வரிகளையும் வெளியே இழுத்துப் போட்டு பைதானில் எண்ணலாம்தான். ஆனால் எண்ணிய பிறகு வரிசைப்படுத்துவது, தொகுப்பது, முதல் பத்தை எடுப்பது எல்லாமே நம் தலையில் விழும். அதைவிட, எண்ணும் வேலையை மட்டும் பைதானில் ஒரு ஃபங்ஷனாக எழுதி, எஸ்க்யூலைட்டிடம் பதிவு செய்துவிடலாம். ‘கிரியேட்_ஃபங்ஷன்’ என்ற ஒரே அழைப்பு: பெயர், எத்தனை மதிப்புகள் வாங்கும், எந்த ஃபங்ஷன். அவ்வளவுதான். அதன்பின் குவெரியில் அந்தப் பெயரைக் கூடப்பிறந்த ஃபங்ஷன்போலவே எழுதலாம். துணைக்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணினால் பெரும்பாலும் சரியான விடை வரும். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் மட்டும் தனி வைத்தியம் பார்க்க வேண்டும்.

அகர வரிசையும் இப்படித்தான். யூனிகோட் எண்படி ன, ழவுக்கு முன்னால் நிற்கிறது. அதனால் ‘அனல்’ முதலிலும் ‘அழகு’ பிறகும் வரும். நம் அகராதியில் நேர்மாறு. இதற்கும் பைதானில் ஓர் ஒப்பீட்டு ஃபங்ஷன் எழுதிக் கொடுக்க இடமிருக்கிறது.

இது இவ்வளவு எளிதாக நடப்பதற்குக் காரணம், எஸ்க்யூலைட் ஒரு சர்வர் இல்லை என்பதுதான். அது நம் நிரல் ஓடும் அதே பிராசஸுக்குள் ஓடுகிறது. குவெரி ஒவ்வொரு வரியிலும் பைதானைக் கூப்பிடும்போது நெட்வொர்க்கைத் தாண்ட வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் இதை வெளியிட்டபோதே, டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழிக்கான நீட்சியாகத்தான் இது தொடங்கியது. ஸ்கிரிப்ட் மொழியோடு பேசுவது இதற்குப் பிறவிக் குணம். இன்னொரு வேடிக்கை: எஸ்க்யூலைட்டின் இலக்கணத்தில் ‘ரெஜெக்ஸ்ப்’ என்ற ஆபரேட்டர் இருக்கிறது, அதைச் செய்து முடிக்கும் ஃபங்ஷன் நூலகத்தில் இயல்பாக இல்லை. அதே பெயரில் நாம் ஒன்றைப் பதிவு செய்தால்தான் அதற்கு உயிர் வரும்.

சிக்கல்களும் இதே அமைப்பிலிருந்துதான் முளைக்கின்றன. பதிவு செய்த ஃபங்ஷன் அந்த ஒரு கனெக்‌ஷனுக்கு மட்டுமே சொந்தம். டேட்டாபேஸ் கோப்பில் அது இல்லை. அதே கோப்பை வேறொரு கருவியில் திறந்து அதே குவெரியை ஓட்டினால், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை வரும். நம் ஃபங்ஷனுக்குள் பைதான் தடுக்கி விழுந்தாலோ, பயனர் ஃபங்ஷனில் பிழை என்ற அளவில் மொட்டையாக ஒரு செய்திதான் கிடைக்கும். எந்த வரியில் என்று தெரிய, அதற்கான வசதியைத் தனியே இயக்க வேண்டும்.

இண்டெக்ஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். லட்சம் வரிகள் என்றால் லட்சம் முறை பைதான் ஓடும். அதைத் தவிர்க்க, ஃபங்ஷனின் விடையை வைத்தே இண்டெக்ஸ் கட்டலாம். அதற்கு, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான் தருவேன் என்று பதிவின்போதே உறுதி சொல்ல வேண்டும். பைதானில் இதற்கான வழி 3.8 பதிப்பில் வந்தது. உறுதி சொன்னால் எஸ்க்யூலைட் நம்பிவிடும், சோதித்துப் பார்க்காது. ஆறு மாதம் கழித்து எண்ணும் முறையை யாராவது திருத்தினால், இண்டெக்ஸில் பழைய விடைகள் அப்படியே கிடக்கும். பிழைச் செய்தி ஏதும் வராது. தப்பான பதில்தான் வரும். என்னைக் கேட்டால், இந்த வசதியில் மிக மோசமான பொறி இதுதான்.

குவெரியிலிருந்து ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட விடும் தாராளத்தின் உச்சத்தைத் தொட்டது பி.எச்.பி. மொழி. அதன் 5-ஆம் பதிப்போடு வந்த பழைய எஸ்க்யூலைட் நீட்சியில், கனெக்‌ஷன் திறந்ததுமே ‘பி.எச்.பி.’ என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் தானாகப் பதிவாகிவிடும். அதன் வழியே எந்த பி.எச்.பி. ஃபங்ஷனையும் முன்பதிவே இல்லாமல் குவெரிக்குள்ளிருந்து கூப்பிடலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே குவெரியில் ஒட்டும் ஒரு தளத்தில், திருட வந்தவன் டேபிளைப் படிப்பதோடு நிற்க மாட்டான். சர்வரில் நிரலையே ஓட்டிப் பார்ப்பான். பின்னர் வந்த பி.டி.ஓ. முறையில் தேவையானதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பதிய வேண்டும். அதுவே முறை.

போஸ்ட்கிரஸில் கதை தலைகீழ். அங்கே டேட்டாபேஸ் வேறொரு பிராசஸ், பெரும்பாலும் வேறொரு கணினி. அதனால் ஸ்கிரிப்ட்டே சர்வருக்குள் போய்க் குடியேற வேண்டும். பெர்லுக்கு அங்கே கட்டுப்பாடுகளோடு கூடிய ஒரு வடிவம் உண்டு, கட்டற்ற வடிவமும் உண்டு. பைதானை அப்படிக் கட்டிப்போட வழியில்லாததால், நம்பத்தகாதது என்ற முத்திரையோடுதான் அதை உள்ளே விடுகிறார்கள். அதில் ஃபங்ஷன் எழுதும் உரிமை இயல்பாக சூப்பர்யூசருக்கு மட்டும். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.